முழங்காலுக்கு ஒரு வேண்டுதல்

ஆறாம் ஷாப்ட் லைன்,
கோலார் தங்க வயல்.
4 ஆகஸ்டு 1906

ஜெயகரனுக்கு முனிரத்தினம் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். போனது உன் இஷ்டம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது, அதை மட்டும் எழுது. பதினோரு வருஷம் நம் சுரங்க ஷாப்ட் ஃபுட்பால் டீமுக்கு, இடது பக்கம் தடுக்கிற பேக்காக நின்ற கால் அது. அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

ஜூன் மாத ஆட்டத்தில் நீ விழுந்தபோது அந்த முழங்கால் விட்டுக்கொடுத்த சத்தம் மைதானக் கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அதற்கு முன்னால் தோள்பட்டை எலும்பு ஒரு தடவை, கணுக்கால் இரண்டு தடவை, விலா ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் "இனிமே இவன் ஆட மாட்டான்" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நீ கட்டோடு வந்து நின்றாய். பக்கத்துச் சுரங்கத்துத் துரை தன் டீமுக்கு வந்தால் மேலேயே மேஸ்திரி வேலை தருகிறேன், கீழே இறங்கவே வேண்டாம் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினார். நீ போகவில்லை. லைன் வீடுகளில் இருக்கிற எழுநூறு பேரும் அதை மறக்கவில்லை.

அதனால்தான் செப்டம்பர் 15, சனிக்கிழமை, துரைமார் டீமோடு ஓர் ஆட்டம் வைத்து அன்று உனக்கு விடைகொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாலை போட்டு, மேளத்தோடு உன்னை மைதானம் சுற்றித் தூக்கிவருவோம். நோட்டீஸ் அச்சடித்தாயிற்று. ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேண்டுதல் விஷயத்தில் உனக்குக் கோபம் என்று கேள்விப்பட்டேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? முழங்கால் குணமாக வேண்டும் என்று மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டோம். ஆடி முதல் வெள்ளியன்று வைத்தோம். தட்டில் ஏந்தி மேளத்தோடு உன் சர்ச் தெரு வழியாகப் போனதுகூட, உன் தெருக்காரர்களும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான். பூசாரி பெயர் நட்சத்திரம் கேட்டார். உன் நட்சத்திரம் உனக்கே தெரியாது என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. முறைத்துக்கொள்ளாமல் பதில் போடு.

முனிரத்தினம்

குடியாத்தம்.
10 ஆகஸ்டு 1906

முனிரத்தினம் அண்ணாவுக்கு ஜெயகரன் எழுதிக்கொண்டது.

முழங்கால் மடங்குகிறது. நிமிரத்தான் நேரமாகிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி என் பேச்சைக் கேளுங்கள்.

நீங்கள் மேளத்தோடு எங்கள் தெருவில் போனது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என் பெயரை வாசித்தார். என் பெயரால் விக்கிரகத்துக்குக் காணிக்கை போயிருக்கிறது என்றார். நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சபைக்கு முன்னால் நின்றேன். நான் மனந்திரும்புகிறவரை, கர்த்தருடைய பந்தியான இராப்போஜனத்தில் எனக்கு அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை என்றார். அது எங்களுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. பந்தியில் உட்கார்ந்தவனை இலைக்கு முன்னாலிருந்து எழுப்பி அனுப்புகிற மாதிரி. என்னை மட்டும் எழுப்பினார்கள்.

இந்தக் காலோடு சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு இருந்த ஒரே வழி சபைப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு வாத்தியார் வேலை. போதகர் அதை எனக்கென்று வைத்திருந்தார். இப்போது இரண்டு நிபந்தனை சொல்கிறார். ஒன்று, "இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் பிசாசின் பிள்ளைகள், அவர்களோடு எனக்குப் பங்கில்லை" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சபையில் வாசிப்பார். இரண்டு, 15ஆம் தேதி மைதானத்துப் பக்கம் நான் தலைகாட்டக் கூடாது. யோசித்துச் சொல் என்று விட்டிருக்கிறார்.

இன்னொன்று. நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று யாரிடம் சொன்னேன்? உங்கள் நோட்டீசைப் படித்துத்தான் எனக்கே தெரியவந்தது. நான் முடிந்துபோனேன் என்பதை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டு, எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து மாலை போடுவீர்களாம். எருது விடும் விழாவில் ஜோடித்து நிறுத்துகிற மாடு நானில்லை, அண்ணா.

தங்கை ஃப்ளோராவுக்கு ஐந்து பிள்ளைகள். நான் ஆறாவது இலை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜெயகரன்

ஆறாம் ஷாப்ட் லைன்.
20 ஆகஸ்டு 1906

ஜெயகரனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

நேற்று ஆராதனை முடியும்வரை நானும் டீம் கேப்டன் ராஜப்பாவும் உங்கள் சர்ச் வாசலில் நின்றோம். போதகர் வெளியே வந்ததும் போய்க் கும்பிட்டேன்.

"சாமி, வேண்டிக்கினது நாங்க. அவன் ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன்.

"அப்படியானால் அந்தக் காலைத் திரும்ப வாங்கி வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார்.

"குட்த்தத எப்படி சாமி திரும்பக் கேக்கறது? அம்மா இன்னா நெனைப்பா?"

அவர் முகம் மாறிவிட்டது. ராஜப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. "தண்டனை குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க. வாங்கிக்கிறேன்" என்றேன்.

"நீர் என் சபையில் இல்லை. உம்மை நான் எப்படித் தண்டிப்பது?"

"அப்ப செஞ்சவன வுட்டுட்டு, செய்யாதவனப் புடிச்சித் தண்டிக்கிறதுதான் நாயமா?"

அவர் பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஒருவனுக்கு இளக்கினால் சபையே இளகிப்போகும், மேலே உள்ளவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

திரும்பி வருகிற வழியில், கேட்டுத்தான் பார்ப்போமே என்று கோயிலுக்கும் போனேன். பூசாரி சிரித்தார். "அம்மா பொட்டிக்குள்ள போனது போனதுதான்" என்று சொல்லி, நான் நம்பமாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டியைத் திறந்து காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். அது வலது கால். தட்டான் செய்ததை எழுநூறு பேரில் ஒருவனும் கவனிக்கவில்லை. நான் தட்டில் வைத்து ஒரு மைல் தூக்கிப் போயிருக்கிறேன், நானும் கவனிக்கவில்லை. இனி உன் வலது காலுக்கு ஆயுசுக்கும் ஒரு குறையும் வராது, சந்தோஷப்படு.

நோட்டீஸ் விஷயம் என் தப்புதான். டாக்டர் சொன்னதைக் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிப் பழக்கமில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

முனிரத்தினம்

குடியாத்தம்.
27 ஆகஸ்டு 1906

அன்புள்ள அண்ணா,

வலது கால் விஷயத்தை ஃப்ளோராவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தைப் போதகரே எழுதி அனுப்பிவிட்டார். கீழே பெயர் போட இடம் விட்டிருந்தார். ஃப்ளோரா பேனாவைக் கையில் கொடுத்தாள். "போட்டுடு அண்ணா. நாலு வரிதானே. அவங்க ஒண்ணும் வருத்தப்பட மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்றாலும், அந்த வீட்டில் பானையின் அளவு எனக்குத் தெரியும்.

பேனாவை மையில் தொட்டேன். "அவர்களோடு எனக்குப் பங்கில்லை" என்ற வரியில் கண் நின்றுவிட்டது. பதினோரு வருஷம் உங்களோடு கேஜ் கூண்டில் நின்று அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறேன். கீழே லெவலின் கூரை இடிந்த அன்று நீங்கள் மரத்தை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, உங்கள் காலுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வந்தவன் நான். பங்கில்லை என்று எந்தக் கையால் எழுதுவேன்?

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். எழுதியதை அப்படியே சொல்கிறேன்: "அந்தக் காணிக்கையை நான் கேட்கவில்லை. அதை நான் வணங்கவும் இல்லை. என் கர்த்தரைத் தவிர யாரையும் நான் தொழுவதில்லை. ஆனால் எழுநூறு பேர் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் என் காலுக்காகப் பிரார்த்தித்தார்கள். அவர்களைப் பிசாசின் பிள்ளைகள் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக எனக்கு அப்பம் இல்லை என்றால், இல்லாமல் இருக்கிறேன்." தபாலில் சேர்த்தாயிற்று.

ஃப்ளோரா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஜெயகரன்

ஆறாம் ஷாப்ட் லைன்.
2 செப்டம்பர் 1906

அட முட்டாளே,

உன்னை யார் வீரம் காட்டச் சொன்னார்கள்? எங்களைப் பிசாசு என்று எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு என்ன தேய்ந்துவிடும்? ஷிப்ட் பாஸ் தினமும் காலையில் எங்களைச் சொல்வதைக் கேட்டிருக்கிறாயே, அதைவிடப் பிசாசு மரியாதையான வார்த்தை. கையெழுத்தைப் போட்டு வேலையை வாங்கிக்கொண்டு, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டிருப்பாய். உனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது என்று லைனே கொண்டாடியிருக்கும்.

என்னுடைய முடிவைச் சொல்கிறேன். நாற்காலி கிடையாது. மாலை கிடையாது. மேளம், கற்பூரம், தேங்காய் எதுவும் கிடையாது. லைன் லைனாக நானே போய்ச் சொல்லிவிட்டேன். போதகர் வாய் திறக்கிற மாதிரி ஒரு காரியம் எவனாவது செய்தால் அவனோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்லியிருக்கிறேன். துரைமார் டீமோடு ஆட்டம் மட்டும் நடக்கும். அது சும்மா ஓர் ஆட்டம். நீ வராதே.

உன் கடிதம் கிடைத்த பிறகும் போதகர் அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. நான் விசாரித்துவிட்டேன். 15ஆம் தேதி நீ வராமல் இருந்தால், மெதுவாக இளகுவார் என்று உங்கள் சபையில் முன்பெஞ்சில் உட்காருகிற லூயிசா அம்மா சொல்கிறார். வந்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறார். ஆகவே உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், எந்தக் கால் என்று நீயே தேர்ந்தெடுத்துக்கொள். வராதே.

முனிரத்தினம்

குடியாத்தம்.
8 செப்டம்பர் 1906

அன்புள்ள அண்ணா,

மாலை இல்லை, மேளம் இல்லை என்று எழுதியது ரொம்பச் சந்தோஷம். இனி நான் வரத் தடையில்லை.

ராஜப்பாவிடம் சொல்லிப் பட்டியலில் இடது பேக் என்று என் பெயரை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் நின்றாலும் நின்றுவிட்டுத்தான் போவேன். என் ஆட்டம் எப்போது முடிந்தது என்பதை டாக்டரும் சொல்ல வேண்டாம், போதகரும் சொல்ல வேண்டாம், நோட்டீசும் சொல்ல வேண்டாம்.

வேலையைப் பற்றி மறுபடி எழுதாதீர்கள். ஃப்ளோரா மூன்று நாள் அழுதாள். நேற்று முழங்காலுக்குக் கட்டப் பழைய சேலையைக் கிழித்துப் பட்டை பட்டையாகச் சுருட்டி வைத்திருக்கிறாள்.

நான் விழுந்தால் யாரும் கயிற்றைத் தாண்டி வரக்கூடாது. நீங்களும்தான்.

ஜெயகரன்

ஆறாம் ஷாப்ட் லைன்.
18 செப்டம்பர் 1906

ஜெயகரனுக்கு,

சனிக்கிழமை மாலை ரயிலைப் பிடிக்க நொண்டிக்கொண்டே ஓடிவிட்டாய். உன்னிடம் பேச எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. நீ மைதானத்துக்குள் இருந்தாய், அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

பத்து நிமிஷம் என்று எழுதியவன் முழு ஆட்டமும் நின்றாய். துரைமார் இரண்டு கோல் போட்டார்கள், நாம் ஒன்று. தோற்றோம். ஆனால் அந்த இரண்டும் வலது பக்கமாக வந்தவை. இடது பக்கம் அவர்களுடைய அந்த உயரமான ஃபார்வர்டு பூட்ஸ் காலோடு எத்தனை தடவை வந்தான் என்று எண்ணினேன். பதினான்கு தடவை. பதினான்கு தடவையும் பந்தில்லாமல் திரும்பிப் போனான். கடைசியில் அவனே சிரித்துவிட்டான், பார்த்தாயா?

முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நீ விழுந்தாய். நான் கயிற்றின் மேல் ஒரு காலைப் போட்டுவிட்டேன். நீ தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாய். அப்படியே நின்றேன். நீ ஒருக்களித்து, கையை ஊன்றி, வலது காலில் எழுந்தாய். அந்தக் காலை அம்மன் காப்பாற்றியதாக லைனில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

விசில் ஊதியதும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேளத்தை நான்தான் வேண்டாம் என்றேனே. எழுநூறு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது ஷாப்டில் மணி தட்டுகிற முனியப்பன் தன் சோற்றுத் தூக்கை எடுத்து ஒரு கல்லால் மூன்று தட்டு தட்டினான். கேஜில் ஆள் ஏறினால் இஞ்சின்காரனுக்கு நாம் தட்டுகிற அதே மூன்று தட்டு: மனுஷன் ஏறியிருக்கிறான், பார்த்து இழு. அப்புறம் தூக்கு, தம்ளர், கடப்பாரை என்று கையில் இருந்ததிலெல்லாம் தட்டினார்கள். நீ மைதானத்தைத் தாண்டி வெளியே நடந்து முடிக்கிறவரை விடவில்லை. யார் ஆரம்பித்தது என்று தெரியாமல் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய். முனியப்பன்தான்.

இதுவரை எழுதியது சந்தோஷம். இனி எழுதப்போவது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சர்ச்சில் இராப்போஜனம். உன்னைப் பற்றிப் போதகர் என்ன சொல்கிறார் என்று கேட்க நான் ஜன்னலோரம் வெளியே நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் செய்தார், அப்பத்தை எடுத்தார், வாருங்கள் என்று சபையை அழைத்தார். ஒருத்தரும் எழவில்லை. அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் அழைத்தார். பெஞ்சு அசையவில்லை. நம் ஷாப்ட்காரர்கள் மட்டுமில்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள், கிழவர்கள், பந்தையே பார்த்திராதவர்கள், அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"லூயிசா அம்மா, ஏன்?" என்று கேட்டார் போதகர்.

லூயிசா அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஒருத்தர எழுப்பி அனுப்பிட்டு எங்களுக்கு மட்டும் தொண்டைல எப்படிங்க எறங்கும்?"

போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு தட்டில் வைத்துத் துணியால் மூடிவிட்டார். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதை நான் செய்யச் சொல்லவில்லை, சத்தியமாக. இது உங்கள் சாமிக்கு அடுக்குமா அடுக்காதா என்றும் எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

முனிரத்தினம்

குடியாத்தம்.
24 செப்டம்பர் 1906

அன்புள்ள முனிரத்தினம் அண்ணா,

உங்கள் கடிதத்தை ஃப்ளோராவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னால் உரக்க வாசிக்க முடியவில்லை. லூயிசா அம்மா எனக்கு ஞாயிறு பள்ளியில் அட்சரம் சொல்லிக் கொடுத்தவர். ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தால் காதைத் திருகுவார். அவர் எழாமல் உட்கார்ந்திருந்தார் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திராவிட்டால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

போதகரிடமிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. பள்ளிக்கூட வேலையை வேலூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். போகட்டும். உட்கார்ந்து செய்கிற வேலை எங்காவது இருக்கும், தேடிக்கொள்வேன். சபையாரை நான் தூண்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். தூண்டவில்லை என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. அவர்களுக்குச் சொந்தமாக மனசு இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அடுக்குமா என்று கேட்டீர்கள். அடுக்காது, அண்ணா. எனக்காக அவர்கள் பட்டினி இருக்கக் கூடாது. அது என் கர்த்தருடைய பந்தி, எனக்காக நடக்கிற பந்தி இல்லை. ஆனால் என்னை எழுப்பி அனுப்பியதும் அடுக்காது. இத்தனை நாள் அதை நான் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிவந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள், அதுதான் எல்லாவற்றையும்விட அடுக்காதது.

ஆட்டத்தை விட்டுவிட்டேன். இப்போது நானே சொல்கிறேன். லைனில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். முழங்கால் மறுபடி வீங்கி, ஃப்ளோரா பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறாள். இனி பந்தின் பின்னால் ஓடமாட்டேன்.

அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் இராப்போஜனம். முந்தின நாள் ரயிலில் வருகிறேன். உங்கள் வீட்டில் ஒரு பாய் போட்டு வையுங்கள். லூயிசா அம்மாவிடமும் மற்றவர்களிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: போதகர் அழைத்ததும் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம், எல்லோரும் எழுந்து வாருங்கள். நான் முன்னால் போவேன். மேசைக்கு முன்னால் முதல் ஆளாகக் கையை நீட்டுவேன். அவர் கொடுக்கிறவரை அந்தக் கையை மடக்கமாட்டேன். எனக்குப் பின்னால் சபை முழுக்க வரிசையில் நிற்கும், என்னைத் தாண்டித்தான் அவர் அடுத்த ஆளிடம் போக வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

ஜெயகரன்